மூன்று செக்கனும் ஒரு கறுத்த மாடும்

மாடு என்று முதலில் தெரியவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் முரசுமோட்டை தாண்டிப் பரந்தன் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். மாசி மாதம், பொழுதுபட்டு இருட்டுகிற நேரம். காலபோக அறுவடை முடிந்து வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டு, பின்னேரம் அதைக் கூட்டி அள்ளிக் குவித்துப் படங்கு போட்டு மூடி, படங்கு பறக்காமல் கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கறுப்புக் குவியல்களில் ஒன்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபோதுதான் அது குவியல் இல்லை என்று விளங்கியது.

இரண்டு பிரேக்கையும் அமத்தினேன். கடைசியில் பின் சில்லு சிதறிக் கிடந்த நெல்மணியில் ஏறி ஒரு பக்கமாக இழுத்தது. நின்றுவிட்டோம். முன் சில்லுக்கும் மாட்டுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். மாடு எழும்பவே இல்லை.

பின்னால் இருந்தவன் என் மருமகன், அக்காவின் மகன், உயர்தரத்தில் கணிதப் பிரிவு. வேறு யாராவது என்றால் "ஐயோ கடவுளே" என்றிருப்பார்கள். இவன் சொன்னது: "மாமா, மூண்டு செக்கனில நிப்பாட்டிப் போட்டீங்கள்."

"என்னண்டு தெரியும்?"

"54இல வந்தனீங்கள், மீற்றரைப் பாத்தனான். அமர்முடுகல் 5 எண்டு வைச்சா மூண்டுதானே."

எனக்கு அது மூன்று செக்கன் போல இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து, கை நடுக்கம் நின்ற பிறகும் அந்த மூன்று மனதில் ஒட்டவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான், கணக்குப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குச் சரியாக இருக்க, நடந்தது வேறாக இருந்தது. அதன் பிறகு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் இருவரும் இந்த விசயத்தில் செலவழித்தோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

முதலில் பெடியனின் கணக்கு. போகிற வேகத்தை அமர்முடுகலால், அதாவது ஒரு செக்கனில் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதால், வகுத்தால் நிற்க எடுக்கும் நேரம் வரும், அவ்வளவுதான். ஆனால் வண்டியின் மீற்றர் காட்டுவது மணிக்கு இத்தனை கிலோமீற்றர், அமர்முடுகல் வருவது மீற்றரிலும் செக்கனிலும். ஆகவே மணிக்கு உள்ளதை 3.6 ஆல் வகுத்துச் செக்கனுக்கு மாற்ற வேண்டும். இந்த 3.6 தான் பிள்ளைகளைக் கொல்லுகிறது. நான் வகுப்பில் சொல்லும் குறுக்கு வழி 18. மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குச் சரியாக 5 மீற்றர். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. பதினெட்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. காய்ந்த, தார் போட்ட காப்பெற் வீதியில் நல்ல ரயர் போட்ட மோட்டார் சைக்கிளை இரண்டு பிரேக்கும் பிடித்து, சில்லு இழுபடாமல் சாதாரண ஆள் ஒருவர் நிறுத்தினால், அமர்முடுகல் 5 அளவில் வரும். அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் குறைகிறது. அதை மீற்றர் முள்ளின் பாசையில் சொன்னால், ஒவ்வொரு செக்கனும் முள் 18 கீழே இறங்குகிறது. 72இல் பிரேக் பிடித்தால் ஒரு செக்கனில் 54, அடுத்த செக்கனில் 36, பிறகு 18, பிறகு நின்றுவிடும். நான்கு செக்கன். சமன்பாடே தேவையில்லை, படி இறங்குவது போல எண்ணிக்கொண்டு போகலாம். 54இல் வந்த எனக்கு மூன்று படி. பெடியன் சொன்ன மூன்று அதுதான்.

சரி, இப்போது தூரம். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு றோட்டு போகிறது என்று பாருங்கள். 72இலிருந்து 54க்கு இறங்கும் முதல் செக்கனில் சராசரி வேகம் செக்கனுக்கு 17.5 மீற்றர், ஆகவே 17.5 மீற்றர் போய்விடும். இரண்டாம் செக்கனில் 12.5. மூன்றாவதில் 7.5. கடைசிச் செக்கனில் வெறும் 2.5 மீற்றர். மொத்தம் 40. இந்த நான்கையும் 2.5 ஆல் வகுத்துப் பார்த்தால் 7, 5, 3, 1. விழுகிற பொருள் சம நேரங்களில் போகும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகக் கூடும் என்று 17ஆம் நூற்றாண்டில் கலிலியோ காட்டினாரே, அதையே பின்பக்கமாக ஓட்டினால் பிரேக். இதைக் கண்டுபிடித்த அன்று நான் பெரிய சந்தோசத்தில் இருந்தேன். மருமகன் "இது தெரிஞ்சதுதானே மாமா" என்றான். ரியூசனில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒற்றை எண்களைக் கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். நான்கு செக்கனில் முதல் இரண்டு செக்கன், அதாவது பாதி நேரம், 40 மீற்றரில் 30 மீற்றரைத் தின்றுவிடுகிறது. ஓடுபவனுக்கு உடம்பில் தெரிவது கடைசிப் பாதி. வண்டி மெதுவாகிறது, கட்டுக்குள் வந்துவிட்டது, நான் கெட்டிக்காரன் என்ற எண்ணமெல்லாம் வருவது அந்தக் கடைசிப் பத்து மீற்றரில்தான். ஆனால் மாட்டை அடிப்பதா இல்லையா என்பது அதற்கு முதலே தீர்ந்துவிட்டது. நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிற எங்கள் பழக்கம் இங்கேதான் ஏமாற்றுகிறது. 36இல் வந்தால் 2 செக்கன், 72இல் வந்தால் 4 செக்கன், இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு நேரம், கேட்க நியாயமாக இருக்கிறது, இரண்டு செக்கன் கூட எடுத்தால் என்ன குடி முழுகியா போய்விடும் என்று தோன்றும். தூரமோ 10 மீற்றரிலிருந்து 40 மீற்றராகிறது. மாடு கிடப்பது மீற்றரில், செக்கனில் இல்லை.

இதையும் சமன்பாடு இல்லாமல் சொல்லலாம். சீராக வேகம் குறைந்தால், பிரேக் பிடித்த முழு நேரமும் பாதி வேகத்தில் போனதாக எடுத்துக்கொள்ளலாம். 72 என்றால் 20, பாதி 10, நான்கு செக்கனுக்கு 40. இதைத் திருப்பியும் போடலாம். நின்ற தூரத்தை இரண்டால் பெருக்கி வந்த வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும். கையில் நிறுத்தற்கடிகாரம் தேவையில்லை, அளவு நாடா போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்தது அதைத்தான்.

ஒரு கல்லை வைத்து, 36இல் வந்து கல்லடியில் பிரேக் பிடிப்பது, நின்ற இடம்வரை அளப்பது. காலமை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத துண்டு வீதி. இரண்டு பிரேக்கும் பிடித்தால் பத்து மீற்றருக்குக் கொஞ்சம் கூட வந்தது, ஆகவே 5 என்பது சும்மா புத்தகத்து எண் இல்லை. பிறகு பின் பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னேன். 18 மீற்றர். கணக்குப் போட்டால் அமர்முடுகல் 2.8, நேரம் 3.6 செக்கன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குப் போய்விடுகிறது, பின் சில்லு லேசாகிவிடுகிறது, லேசான சில்லை எவ்வளவு இறுக்கினாலும் றோட்டைப் பிடிக்காது, இழுபடும்.

இங்கே எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள் பழக்குகிற எல்லாரும் முதலில் சொல்வது "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறியும்" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் புத்திமதி கிரவல் றோட்டில் பிறந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு அது சரி. அந்த வண்டி போகும் வேகமும், அந்தக் கிடங்கும் மணலும் நிறைந்த றோட்டும், முன் சில்லு மணலில் பூட்டுப்பட்டால் ஆள் விழுவதும் எல்லாம் உண்மை. சைக்கிள் என்றால் பிரேக் கட்டையே இருக்காது, செருப்புக் காலைச் சில்லில் வைத்து அமத்துவோம். அன்றைக்கு எங்களை நிறுத்தியது பாதி பிரேக், பாதி கிடங்கு. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி காப்பெற் ஆனது, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியும் ஆனது. வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிட்டது. புத்திமதி மட்டும் கிரவலிலேயே நிற்கிறது. கிரவலில் இன்றைக்கும் முன் பிரேக்கில் கவனம் வேண்டும்தான், ஆனால் காய்ந்த காப்பெற்றில் அதைத் தொடாமல் விடுபவன் பாதிப் பிரேக்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான்.

நெல்லிலும் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டோம். நெல் காயப்போட்டிருந்த ஒரு அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தா. ஆகவே நெல்லுக்கு எங்களிடம் அளவு இல்லை. ஒரு பேச்சுக்கு அமர்முடுகல் 2 என்று வைத்தால், 54இல் வருபவருக்கு நிற்க 7.5 செக்கன், 56 மீற்றர். நெல்மணி உருண்டையான சாமான், ரயருக்கும் றோட்டுக்கும் நடுவில் குண்டுப் போளை போட்டது போலத்தான் வேலை செய்யும். களம் இல்லாத கமக்காரன் வேறு எங்கே காயப்போடுவான் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, நானும் அந்த நெல்லைத் தின்கிறவன்தான்.

ஆனால் இதெல்லாம் என் கேள்விக்குப் பதில் இல்லை. மூன்று செக்கன் ஏன் மூன்று செக்கன் போல இருக்கவில்லை?

பதில் கணக்குக்குள் இல்லை, கணக்கு தொடங்குவதற்கு முதல் இருக்கிறது. புத்தகத்துக் கணக்கு "பிரேக் பிரயோகிக்கப்பட்டது" என்ற இடத்தில் தொடங்கும். நான் பிரேக் பிடித்தது மாடு திரும்பிப் பார்த்த பிறகு. அதற்கு முதல் அதைப் படங்கு மூடிய நெல் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கண் பார்த்து, மூளை இது மாடு என்று பிடித்து, கையும் காலும் அசைவதற்குள் போகிற நேரம் துலங்கல் நேரம். ஆறாம் ஏழாம் வகுப்பில் தூண்டல், துலங்கல் என்று படித்தோமே, அதே துலங்கல்தான்.

வீட்டில் அடிமட்டத்தை வைத்து அளந்தோம். ஒருவர் அடிமட்டத்தைத் தொங்கப் பிடித்துச் சொல்லாமல் கைவிட வேண்டும், மற்றவர் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் விழுந்த பிறகு பிடித்தால் 0.2 செக்கன். மருமகன் 18இல் பிடித்தான். நான் பிடித்த அளவை எழுதவில்லை. ஆனால் அது விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு அடிமட்டத்தையே முறைத்துப் பார்த்திருக்கும் ஒருவனின் நேரம். வீட்டு யோசனையோடும் பின்னால் இருப்பவனின் கதையோடும் இருட்டில் வருபவனுக்கு 1.5 செக்கன் என்று வைப்பது தாராளம் இல்லை. அமெரிக்காவில் வீதி வடிவமைக்கிறவர்கள் இதற்கு 2.5 செக்கன் விடுகிறார்கள், எல்லாச் சாரதியும் கூர்மையான ஆள் இல்லை என்பதற்காக.

1.5 என்றே வைப்போம். 54இல் அந்த ஒன்றரைச் செக்கனில் 22.5 மீற்றர் போய்விடும், ஒரு விரல்கூட அசையாமல். பிறகு பிரேக்கில் 22.5 மீற்றர். தற்செயலாக இரண்டும் ஒரே எண். மொத்தம் 45 மீற்றர், நாலரைச் செக்கன். என் உடம்பு எண்ணியது நாலரை, பெடியன் எண்ணியது மூன்று. இருவரும் சரி.

இந்த 45 மீற்றரை வைத்து அவன் அன்றிரவு ஒரு கணக்குப் போட்டான், அதுதான் என்னை இதை எழுத வைத்தது. நாங்கள் முரசுமோட்டையைத் தாண்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை முந்திப் போனது. அது 72இல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு அவனுக்குச் சரியாக 45 மீற்றர் தூரத்தில் தெரிகிறது. அவன் துலங்கவே 30 மீற்றர் போய்விடும். மிச்சம் 15 மீற்றர். அந்தப் பதினைந்தில் அவன் எவ்வளவு வேகத்தைக் குறைப்பான்? வந்த வேகத்தின் வர்க்கத்திலிருந்து அமர்முடுகல், தூரம் இரண்டின் பெருக்கத்தை இரண்டு தரம் கழித்தால் மிஞ்சும் வேகத்தின் வர்க்கம் வரும். 20இன் வர்க்கம் 400, அதிலிருந்து இரண்டு தரம் 5 தரம் 15, அதாவது 150 கழித்தால் 250, வர்க்கமூலம் 15.8. மணிக்கு 57 கிலோமீற்றர்.

"மாமா, பிழை போல இருக்கு" என்று திரும்பத் திரும்பப் போட்டான். பிழை இல்லை. 54இல் வந்த நான் நிற்கிற அதே இடத்தில், 72இல் வந்தவன் 57இல் மாட்டை அடிப்பான். அதாவது நான் அன்று எந்த இடத்திலும் போகாத வேகத்தில். மீற்றரில் எங்களுக்குள் வித்தியாசம் 18, முள்ளின் ஒரு படி.

அப்புறம் லைற். அடுத்த வீட்டுக் கறுத்த பசுவைக் கேட்டு வாங்கி ஒழுங்கையில் கட்டிவிட்டு, டிம் லைற்றில் உருவம் பிடிபடாமல் போகும்வரை மோட்டார் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். 35 மீற்றர். நல்ல இருட்டில் என் வண்டி எனக்குக் காட்டுவது அவ்வளவுதான். 35க்குள் நிற்க வேண்டுமென்றால் மணிக்கு 45தான் கணக்கு, அதில் துலங்கலும் பிரேக்கும் சேர்ந்து 34 மீற்றர் வரும். அன்றைக்கு வானத்தில் கொஞ்ச வெளிச்சம் மிச்சம் இருந்தது, இல்லாவிட்டால் நான் மாட்டுக்கு மேல்.

இந்த எண்களைச் சொன்னால் ஆட்கள் உடனே டிப்பரைப் பற்றிக் கேட்பார்கள். மணல் ஏற்றிய டிப்பர் பாரம், ஆகவே நிற்க அதிக நேரம் எடுக்கும் என்று. பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி இல்லை. பாரம் கூடினால் ரயர் றோட்டை அமத்துவதும் கூடும், உராய்வும் அதே அளவு கூடும், நிறுத்த வேண்டிய திணிவும் கூடும், ஒன்றையொன்று வெட்டிவிடும். ரயர் றோட்டை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண், உராய்வுக் குணகம், அது மட்டும் மிஞ்சும். ஆனால் அது ரயர் மட்டும் உள்ள உலகத்தில். உண்மையான டிப்பரில் அவ்வளவு பாரத்தின் சக்தியையும் வெப்பமாக விழுங்க வேண்டியது பிரேக், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். காற்றுப் பிரேக்கில் மிதித்ததற்கும் பிடிப்பதற்கும் இடையில் ஒரு தாமதமும் உண்டு. ஆகவே ஊர்ச்சனம் சொல்வது சரி, காரணம்தான் வேறு.

ரயில் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது, இருபது வருசத்துக்கு மேல் ரயில் ஓடாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நின்று கையாட்டினார்கள். இரும்பில் இரும்பு, பிடிமானம் குறைவு. அமர்முடுகல் 1 என்று தாராளமாகவே வைத்தாலும் 90இல் வரும் ரயில் நிற்க 25 செக்கன், 312 மீற்றர். கடவையில் மாட்டையோ ஓட்டோவையோ கண்டு சாரதி பிரேக் போட்டால், அது நிறுத்துவதற்காக இல்லை.

மருமகன் இப்போது லைசன்ஸ் எடுத்துவிட்டான். என் மோட்டார் சைக்கிளின் மீற்றர் கண்ணாடியில் 18, 36, 54 என்ற இடங்களில் சின்னதாக வெள்ளைப் பெயின்ற் பொட்டு வைத்திருக்கிறான். 72இல் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு "தேவையில்லை" என்றான், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன கிழமை அவன் ஓட்ட நான் பின்னால் இருந்து வந்தேன், அதே முரசுமோட்டை, அதே மாடு என்றுதான் நினைக்கிறேன், இந்த முறை நட்ட நடுவில். இரவில் காப்பெற் சூடாக இருக்கும், நுளம்பும் குறைவு, அதற்கும் வேறு நல்ல இடம் கிடையாது. அவன் நல்ல தூரத்திலேயே கண்டு மெதுவாக நிறுத்தினான். ஹோர்ன் அடித்தோம். அசையவில்லை. லைற்றைப் போட்டுப் போட்டு அணைத்தோம். கண்ணை மட்டும் ஒருதரம் மூடித் திறந்தது. நான் போனை எடுத்து நேரம் பார்க்கத் தொடங்கினேன். அது முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, எழும்பி, வாலை ஒருதரம் வீசி, இரண்டு அடி வைப்பதற்கு 1 நிமிடம் 40 செக்கன் எடுத்தது.

"துலங்கல் நேரம்" என்றான் மருமகன், கியரைப் போட்டுக்கொண்டே.